ஐராவதத்தின் குழல் எந்தப் பக்கம் பார்த்தது?

நான் கடைசியாக வேலை பார்த்த ராணுவப் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓர் இளம் மேஜர் கடிதம் எழுதியிருந்தார். போர்க்களத்தில் அடிபட்ட டாங்கியை இழுத்து வருவதற்கு முன் இனிமேல் அதை நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்தாக வேண்டும் என்று புது விதி வந்திருக்கிறதாம். அதையொட்டி மாணவர்களுக்காகச் சிறு நூல் ஒன்று போடுகிறார்கள். ‘நடைமுறையின் முக்கியத்துவம்’ பற்றி இரண்டு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். நடைமுறை என்றால் இன்னும் என் நினைவு வருகிறது என்பதில் மகிழ்ச்சிதான். என் மனைவிக்கும் வரும். அது வேறு விதம்.

எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் நிற்கவில்லை. முடித்துப் படித்தபோது மாணவர்கள் கையில் கொடுக்கக்கூடியதாகவும் இல்லை. மேஜருக்கு, யாரையும் ஒன்றும் செய்யாத வேறு இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். இது மற்றது. இதில் வரும் இருவர் உயிரோடு இருந்தவரை இதை எழுதியிருக்க மாட்டேன். இப்போது இருவரும் இல்லை. இதனால் மனம் நோக வேண்டியவன் நான் ஒருவன்தான். அதற்கு நான் ரொம்பக் காலமாகவே தகுதியோடு இருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மயிலாப்பூரில் பள்ளிக்கூடம், பிறகு இயந்திரப் பொறியியலில் டிப்ளமா, பிறகு ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவு. சண்டை போடுகிறவர்கள் ஒரு சாதி, அவர்கள் உடைத்துப் போட்டதைத் தூக்கி வந்து ஒட்டுகிறவர்கள் நாங்கள். எங்களுக்குப் பதக்கம் வராது. படிவங்கள் வரும்.

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் நான் மேற்கு எல்லையில் ஹவில்தார். ஓர் இழுவை வண்டி, என்னோடு ஐந்து பேர். அந்தப் போரில்தான் ‘ஐராவதம்’ பெயர் பெற்றது. டாங்கிகளுக்குப் பெயர் வைப்பது வழக்கம். கேப்டன் ராகவன் தன் டாங்கிக்கு வைத்த பெயர் அது. ஒரு கால்வாயைக் கடந்து மேற்கே போன நம் டாங்கிகள் பின்வாங்க வேண்டிவந்தபோது, மற்றவை பத்திரமாகத் திரும்பும்வரை ஐராவதம் தனியாக நின்று சுட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அதுவும் அடிபட்டது. கேப்டனும் அவரோடு இருந்த இருவரும் அங்கேயே இறந்தார்கள். டிரைவர் மட்டும் பிழைத்தார். அடிபட்ட டாங்கியின் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. சுண்டல் பொட்டலத்தில்கூட அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். கூட இறந்த இருவரின் பெயர் பெரும்பாலும் எதிலும் வரவில்லை. இருபது வருடம் நடந்த விவாதத்திலும் அவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

விவாதம் இதுதான்: ஐராவதத்தை அடித்தது யார்?

வாசகர் இரண்டு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எதிரி இருந்தது மேற்கிலும் தெற்கிலும். வடக்கே இருந்தது நம்முடைய இன்னொரு டாங்கிப் பிரிவு. பனிமூட்டம், புகை. தெற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ குண்டு வந்திருந்தால் அது எதிரியுடையது. வடக்கிலிருந்து வந்திருந்தால் நம்முடையது.

மறுநாள் காலை அங்கே போனோம். அடிபட்ட டாங்கிகள் மூன்று: பின்வாங்குவதற்கு முன்பே அடிபட்ட இரண்டும் ஐராவதமும். மூன்றையும் பின்பக்கக் கொக்கியில் கம்பிவடம் மாட்டிக் கிழக்கே இழுத்துச் சாலைக்குக் கொண்டுவந்தோம். அதாவது மூன்றின் முகமும் மேற்கே, எதிரியைப் பார்த்து இருந்தது. இது எனக்கு உறுதியாகத் தெரியும். மூன்று கொக்கிகளிலும் என் கைதான் வடத்தை மாட்டியது. ஒரு டாங்கியாவது திரும்பி நின்றிருந்தால் முன்கொக்கியில் மாட்டியிருப்பேன்.

சாலைக்கு வந்த பிறகு முன்னால் இரும்புச் சட்டம் பூட்டி, நீண்ட தூரம் இழுக்க வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. டாங்கியின் மேலே சுழலும் கூண்டை நாங்கள் டரட் என்போம். பீரங்கிக் குழல் அதில்தான் பொருந்தியிருக்கிறது. குழல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் முதல் பள்ளத்திலேயே இழுவை வண்டியின் முதுகில் குத்திவிடும். ஆகவே டரட்டைச் சுழற்றிக் குழலைப் பின்பக்கம் கொண்டுபோய், அங்கே அதற்கென்று இருக்கும் தாங்கியில் பூட்ட வேண்டும். அப்படிச் சுழற்றுவதற்கும் முன்னால், டரட்டிலிருந்து கீழே வண்டிவரை சாக்குக்கட்டியால் நேராக ஒரு கோடு போட வேண்டும். சுழற்றியதும் பாதிக் கோடு மேலே போய்விடும், பாதி கீழே நிற்கும். பின்னால் யார் வந்தாலும் இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்து, அடிபட்டபோது குழல் எங்கே பார்த்தது என்று சொல்லிவிடலாம். அரை நிமிட வேலை. சாக்குக்கட்டி என் சட்டைப்பையில் இருந்தது.

நான் கோடு போடவில்லை.

சாலையில் குண்டு விழுந்துகொண்டிருந்தது என்பது உண்மை. அது காரணம் அல்ல. கோடு போட வெளியே நிற்க வேண்டும். சுழற்ற உள்ளே போக வேண்டும். உள்ளே போவதை முடித்துவிட்டால் போதும் என்றிருந்தது. உடல்களை முன்பே எடுத்துப் போயிருந்தார்கள். ஆனால் மின்சாரம் இல்லாத டரட்டைக் கையால் சுழற்ற, பீரங்கியை இயக்கியவன் உட்கார்ந்திருந்த இருக்கையில்தான் உட்கார வேண்டும். கோணிப்பையை விரித்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினேன். அப்படி மூன்று டாங்கி. ஒன்றில் குழல் ஏறக்குறைய நேர் முன்னால் இருந்தது. சுற்றிச் சுற்றித் தோள் விட்டுப்போயிற்று. ஒன்றில் இடப்பக்கம். ஒன்றில் கிட்டத்தட்டப் பின்னாலேயே இருந்தது, கொஞ்சம் திருப்பியதும் தாங்கியில் உட்கார்ந்துவிட்டது. இதில் எது ஐராவதம் என்று நான் பார்க்கவில்லை. மூன்றின் பெயர்ப் பலகைகளும் கரியில் மூடியிருந்தன. அன்று அது புகழ்பெற்ற டாங்கி இல்லை. மூன்றில் ஒன்று.

நான்கு நாள் கழித்து, போர்முனைக்குப் பின்னால் இருந்த எங்கள் பட்டறைக்கு மேஜர் பணிக்கர் வந்தார். சேதத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதும் அதிகாரி. பாலக்காட்டுக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார். அவரைப் போல வேலை செய்தவரை நான் பிறகு பார்க்கவில்லை. டாங்கிக்குள் இறங்குவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “உள்ளே செத்தவங்க இருந்திருக்காங்க. அங்க நின்னு மணி பாக்கக் கூடாது” என்றார். தொப்பியையும் வெளியே வைத்துவிடுவார். எதையும் தொடுவதற்கு முன் ஒருமுறை முழுக்கச் சுற்றி வருவார், கைகளைப் பின்னால் கட்டியபடி. பிறகுதான் அளவுநாடா.

அவரிடம் ஒரு தேக்குக் கம்பு இருந்தது. வழுவழுவென்று இழைத்து, அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டது. குண்டு துளைத்த ஓட்டையில் அதைச் செருகி, இரும்பு கிழிந்திருக்கும் சாய்வுக்கு ஏற்ப நிறுத்தி, எட்டிப் போய் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். கம்பின் வெளிமுனை எந்தத் திசையில் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, குண்டு அங்கிருந்து வந்தது. துளையின் அளவை வைத்தே யாருடைய குண்டு என்று சொல்ல முடியாதா என்று கேட்பார்கள். சொல்லலாம்தான், உள்ளே இருந்த வெடிமருந்தும் வெடித்துத் துளையின் விளிம்பைக் கிழித்திருக்காவிட்டால்.

ஐராவதத்தில் துளை டரட்டின் வலது சுவரில் இருந்தது. மேஜர் கம்பைச் செருகிவிட்டு எட்டிப் போய் நின்றார். டரட் பின்பக்கம் திருப்பிப் பூட்டியிருந்ததால் கம்பு எங்கள் சமையல் கூடத்தைக் காட்டியது.

“இப்போதைக்குச் சமையல்காரன்தான் சுட்டிருக்கான்” என்றார், சிரிக்காமல். “குழல் எங்க பாத்திருந்தது? சொல்லு.”

“முன்னால, சார்” என்றேன்.

யோசிக்கவே இல்லை. பெரும்பாலும் முன்னால்தானே இருக்கும்.

“கோடு?”

“வர்ற வழியில தூசியில அழிஞ்சிருக்கும், சார்.”

மேஜர் டரட்டின் அடி விளிம்பில் ஒரு விரலை வைத்து மெதுவாகச் சுற்றி இழுத்துக்கொண்டே போனார். நெருப்பில் படிந்த கரி அங்கே முழுசாக இருந்தது. எங்கேயும் சாக்குப்பொடியின் வெள்ளை இல்லை. விரலைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். படிவத்தில் ‘குழல் இருந்த திசை’ என்ற கட்டத்தில் ‘முன்னால்’ என்று மசியால் எழுதினார். பிறகு அதன் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார்.

தட்டச்சு செய்கிறவர்கள் பென்சிலை அடிக்க மாட்டார்கள். அறிக்கை ஏழு பிரதியாக வெளியே போனபோது கேள்விக்குறி இல்லை. மேஜருக்கு அதற்குள் மாற்றல் வந்துவிட்டது. அந்தப் படிவத்தில் டாங்கியின் முகம் எந்தத் திசையில் இருந்தது என்பதற்குக் கட்டமே கிடையாது. அது பட்டறைக்கான படிவம். பட்டறைக்குத் திசை எதற்கு?

இனி மற்றவர்கள் போட்ட கணக்கைப் பாருங்கள். குழல் முன்னால், துளை வலது சுவரில். டாங்கி மேற்கே பார்த்து நின்றிருந்தால் அதன் வலப்பக்கம் வடக்கு. அதாவது நம் குண்டு. புகழ்பெற்ற டாங்கியை நாமே சுட்டோம் என்று எழுத எந்த விசாரணைக் குழுவுக்கும் கை வராது. ஆகவே டாங்கி மேற்கே பார்த்திருக்க முடியாது என்று முடிவு செய்தார்கள். அது கிழக்கே திரும்பியிருந்தால் வலப்பக்கம் தெற்காகிவிடும், எதிரியின் குண்டு. எல்லாம் பொருந்திவிடுகிறது. கேப்டன் வீரர், அவர் திரும்பச் சொல்லியிருக்க மாட்டார். பின்னே திருப்பியது யார்? பிழைத்தவர் ஒருவர்தானே.

டிரைவர் ஏழுமலைக்குத் தண்டனை எதுவும் இல்லை. ‘பதற்றத்தில் வண்டியைத் திருப்பியிருக்கக்கூடும்’ என்று ஒரு வரி. என்னை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால், டாங்கி மேற்கே பார்த்தது என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு பதவி உயர்ந்தது. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியனானேன். டரட்டைத் திருப்பும் முன் கோடு போடுவதை என்னைப் போல யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை என்பார்கள். கரும்பலகையில் டாங்கி வரைந்து, “எழுபத்தொன்றில் ஒரு முட்டாள் ஹவில்தார் இருந்தான்…” என்று ஆரம்பிப்பேன். வகுப்பு சிரிக்கும். ஒவ்வொரு வருடமும் சிரித்தது. அந்தக் கரும்பலகையில் அந்தக் குழலை எத்தனை திசையில் வரைந்திருப்பேனோ, உண்மையில் அது இருந்த திசை எது என்று மனத்தில் தேடினால் இப்போது எல்லாமே வருகிறது.

ஓய்வு பெற்றுக் கோபாலபுரத்தில் குடியேறினேன். தொண்ணூறுகளின் தொடக்கம். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் எங்கள் முன்னாள் ராணுவத்தினர் சங்கம். கீழே கல்யாணப் புடவைக் கூட்டம், மேலே நாற்பது கிழவர்கள் ஐராவதத்தைத் தினமும் ஒருமுறை அடித்து வீழ்த்திக்கொண்டிருந்தார்கள். டிரைவர் திருப்பினான் என்பது கர்னலின் கட்சி. அவர்தான் தலைவர், அடையாற்றிலிருந்து காரில் வருவார். நம்மவர்களே சுட்டார்கள் என்பது எதிர்க்கட்சி. டீ ஆறிப்போகும், தீர்ப்பு ஆகாது. நான் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். “சாப், நீங்க டெக்னிகல் ஆள், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்களே?” என்பார் கர்னல். அறிக்கை இருக்கிறதே என்பேன்.

பிறகு, ஐராவதத்தைப் பற்றிச் சங்கமே ஒரு புத்தகம் போடுவது என்று தீர்மானமாயிற்று. ‘டிரைவர் வண்டியைத் திருப்பியபோது’ என்ற வரியோடு அத்தியாயம் தயாரானது. அதுவரை பேச்சு, இனி அச்சு.

ஏழுமலை ஒரு ஞாயிறு காலை என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. ராயப்பேட்டையில் வீடு, பாண்டி பஜாரில் ஒரு நகைக்கடை வாசலில் காவலர். கடைச் சீருடையிலேயே வந்திருந்தார். வலது கை மணிக்கட்டுவரை தீப்பட்டுச் சுருங்கியிருந்தது.

“சார், நீங்க வொர்க்‌ஷாப்புல இருந்தவர்னு சொன்னாங்க. டேங்குங்கள இஸ்துக்கினு வர்ற வேலையாமே. ரிப்போர்ட்டப் படிச்சிட்டு, ஓட்ட இங்க கீது, அதனால அவன் திருப்பிட்டான்னு அவங்களே சொல்லிக்கிறாங்க சார். நான் திருப்பல.”

“விசாரணையில சொன்னீங்களா?”

“சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கினாங்க. ‘சரி, நீ போ’ன்னாங்க.” சீருடைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “கடையில புதுசா ஒரு செக்யூரிட்டி வந்துகிறான், அவனும் மிலிட்டரி. ‘இன்னா நைனா, ரிவர்ஸ் எடுத்த டிரைவர் நீதானா?’ன்றான். கிண்டல் பண்றான், பண்ணட்டும். புக்குல போட்டா எம் பொண்ணு படிப்பா சார். அவ காலேஜ் போறா.”

“நான் என்ன செய்யணும்?”

“மீட்டிங்குல வந்து, ஓட்டைய வெச்சு அப்டிச் சொல்ல முடியாதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. எல்லாத்துக்கும் ரூல் சொல்றவராமே நீங்க.”

அந்த டாங்கியை இழுத்து வந்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. என் மனைவி கொடுத்த காபியை இடது கையால் குடித்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். டாங்கி மேற்கே பார்த்தது என்று சொன்னால் அவர் தப்பிவிடுவார். ஆனால் அடுத்த கேள்வி வரும்: குழலைத் திருப்பியதும் நீதானே? அது எங்கே பார்த்தது? அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துத்தான் நான் சுபேதார் மேஜர் ஆகியிருந்தேன்.

கூட்டத்துக்கு ஏழுமலை வந்து கதவருகே நின்றார். நாற்காலி இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. கர்னல் விசாரணைக் கோப்பின் நகலைக் கொண்டுவந்திருந்தார். ஏழுமலையின் வாக்குமூலத்தை வாசித்தார்: குண்டு வெடித்தது மட்டும் தெரியும், காலாட்படையினர் என்னை வெளியே இழுத்தார்களாம், எனக்கு நினைவில்லை, கண் விழித்தது மருத்துவமனையில்.

“பாருங்க ஜென்டில்மென்” என்றார் கர்னல். “வெளியே வந்தது ஞாபகம் இல்ல. திருப்பல என்கிறது மட்டும் ஞாபகம் இருக்கு. ரொம்ப கன்வீனியன்ட் மெமரி.”

சிரித்தார்கள். என் வகுப்பு சிரித்த அதே சிரிப்பு. ஏழுமலை சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. நகைக்கடை வாசலில் நிற்பது போலவே நின்றார்.

நான் எழுந்தேன். டாங்கிகளை இழுத்தது நான், மூன்றும் மேற்கே பார்த்து நின்றன, ஏழுமலை திருப்பவில்லை என்றேன். கீழே ஜவுளிக்கடையில் யாரோ விலை கேட்பது மாடிவரை கேட்டது.

“அப்படின்னா நம்ம ஆளுங்கதான் சுட்டாங்கன்னு சொல்றீங்களா, சாப்?”

“இல்லை. குழல் முன்னால் இருந்ததென்று அறிக்கையில் இருப்பது நான் சொன்ன பொய். கோடு போடாமல் திருப்பினேன். மூன்று குழல் மூன்று பக்கம் இருந்தன. எது ஐராவதம் என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.”

கர்னல் கோப்பை மெதுவாக மூடினார். “இருபது வருஷம்” என்றார். “இருபது வருஷமா நாங்க இங்க உக்காந்து…” முடிக்கவில்லை. அவர் அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை. என் மேல் நடவடிக்கை எடுக்க ஏதாவது வழியிருக்கிறதா என்று நானே விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஓய்வு பெற்றவனின் பழைய பொய்க்குக் கட்டம் இல்லை.

நாற்பது பேர் நடுவில் ஏழுமலை மட்டும் என்னிடம் வந்தார். நன்றி சொல்வார் என்று பயந்தேன். “அன்னிக்கி உங்க வூட்ல காபி குடிச்சேனே, அப்பவே சொல்லிருக்கலாம் சார்” என்றார். அவ்வளவுதான்.

புத்தகத்திலிருந்து அந்த வரி போயிற்று. டாங்கி மேற்கு நோக்கி நின்றது என்று வந்தது. எதிரி அடித்தானா, நாம் அடித்தோமா என்பது திறந்தே கிடந்தது. அதைத் திறந்து வைத்தவன் நான் என்று கேள்விப்பட்டு, கேப்டன் ராகவனின் அக்கா எனக்கு ஒரு தபாலட்டை போட்டார். டிரைவரையும் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

ருக்மணி அம்மாள் மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் தனியாக இருந்தார். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பியை வளர்த்துப் படிக்க வைத்தது அவர்தான்; கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்திரிகைகளில் வந்த ஐராவதத்தின் படம் அந்த வீட்டில் எங்கேயும் இல்லை. சைக்கிளோடு நிற்கும் ஒரு கல்லூரிப் பையனின் படம்தான் மாட்டியிருந்தது.

“வாங்கோ, உக்காருங்கோ” என்றவர், ஏழுமலை நிற்பதைப் பார்த்து, “நீங்களுந்தான். ராகவன் கூட இருந்தவா இந்த ஆத்துல நிக்கப்படாது” என்றார்.

காபி கொடுத்து, நாங்கள் குடித்து முடிக்கும்வரை எதுவும் கேட்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எல்லாரும் அவனப் பத்தி எனக்கு நெறைய சொல்லிட்டா. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நம்மவாளே சுட்டுட்டாளா?”

“சொல்ல முடியாதும்மா.”

“ஏன் முடியாது?”

சொன்னேன். சாக்குக்கட்டி, கோணிப்பை, மூடிய கண், மூன்று குழல். ஆசிரியையிடம் வீட்டுப்பாடம் ஒப்பிப்பது போல, எதையும் விடாமல். குழல் இடப்பக்கமோ பின்னாலோ இருந்திருந்தால் எதிரி. முன்னால் இருந்திருந்தால் நாம்.

“மூணுல ஒண்ணு” என்றார் அவர்.

“ஆமாம்மா.”

“முப்பது வருஷம் இந்தக் கணக்கத்தான் போர்டுல போட்டிண்டிருந்தேன். பையில மூணு பந்து, கண்ண மூடிண்டு ஒண்ண எடுத்தான்னு.” புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். “பந்துன்னா பரவால்ல.”

வெளியே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். அப்போது ஏழுமலை பேசினார்.

“கொழாய் முன்னால இல்லம்மா.”

இருவரும் அவரைப் பார்த்தோம்.

“டிரைவர் சீட்டு டேங்குக்கு முன்னால கீதும்மா. கொழாய் நேரா இருந்துச்சுன்னா மூடியத் தொறந்தா தலைக்கி மேல கறுப்பா நிக்கும். நான் மூடியத் தொறந்துக்கினு வெளிய வர்றப்ப மேல ஒண்ணுமே இல்ல. வானந்தான் இருந்துச்சு. அய்யா கொழாயப் பின்னால திருப்பிட்டாரு. பின்னால போற நம்ம வண்டிங்கள எவனாச்சும் அடிக்க வந்தா சுடணும்னு. அவரு அப்டித்தான் செய்வாரு.”

“நிச்சயமாவா?”

“வானத்தப் பாத்தேம்மா. நீல வானம்.”

ருக்மணி அம்மாள் எழுந்து உள்ளே போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். “அவன் வெளில எங்க போனாலும், கூட வரவா வராளான்னு திரும்பித் திரும்பிப் பாத்துண்டே போவான். சின்னதுலேந்தே அப்படித்தான்” என்றார். ஏழுமலையின் சுருங்கிய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாசல்வரை வந்து எங்களை அனுப்பினார்.

லஸ் முனை பேருந்து நிறுத்தம்வரை இருவரும் நடந்தோம். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் முப்பது வருடம் வாக்குமூலமும் படிவமும் சரிபார்த்துப் பழகிய புத்தி.

“ஏழுமலை, டாங்கி அடிபட்ட அன்னிக்கு அங்க பனிமூட்டம், புகை. நீல வானம் எங்கேருந்து வந்தது? உங்களைக் காலாட்படைக்காரங்கதான் இழுத்தாங்க. உங்களுக்கு நினைவே இல்லேன்னு வாக்குமூலம் இருக்கு.”

“ஆமா சார். ஆஸ்பத்திரிலதான் முழிச்சேன்.”

“அப்போ குழல்…?”

அவர் பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீங்க ஒரு வாட்டி திருப்புனீங்க சார், அடையாளம் போடாம. இன்னிக்கி நான் ஒரு வாட்டி திருப்பிட்டேன்.”

ராயப்பேட்டை வண்டி வந்து நின்றது. இடது கையால் கம்பியைப் பிடித்துப் படியில் ஏறியவர், என் பக்கம் குனிந்தார்.

“பின்னாடி பாத்து வெச்சுகிறேன். இனிமே யாரும் தொடாதீங்க.”